வாசல் ஆணியில் வாத்தியார் டம்ளர்

செய்தி வந்தபோது நான் வாசலில் உட்கார்ந்து உப்புக்கண்டம் கோத்துக்கொண்டிருந்தேன். மாட்டுக்கறியை நீளவாக்கில் அறுத்து, உப்பும் மஞ்சளும் பிசறி, கயிற்றில் கோத்து வெயிலில் கட்டுகிற வேலை. என் மகள் கிருபை தெருக்கோடியிலிருந்து முடி அவிழ ஓடிவந்தாள். "அம்மா, மாமா போய்ட்டாரும்மா. குளிச்சிட்டு வந்து பாய்ல உக்காந்தாரு, அப்டியே சாஞ்சிட்டாரு" என்றாள். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அதெப்படிப் போவாரு? நான் இன்னும் பதில் சொல்லலியே!" என்பதுதான். கிருபை என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தேன். உப்பு பட்ட கையால் கண்ணைத் துடைத்துவிட்டேன் என்று அன்று பார்த்தவர்கள் எல்லாரிடமும் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்வேன்.

ஆசீர்வாதம் வாத்தியார் எனக்குச் சம்பந்தி. என் மகள் கிருபையை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறேன். "அவரோடு அதிகம் பேசியவர் நீங்கள்தானே, நம் சபைத் தாளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள்" என்று போதகர் என்னிடம் கேட்டார். எங்களுக்குள் நடந்ததற்குப் பேச்சு என்று பெயர் வைக்க ஒரு போதகரால்தான் முடியும். ஆம்பூரில் தோல் ஷாப்பு சங்கு ஊதுவதை வைத்து நேரம் தெரிந்துகொள்வார்கள். எங்கள் தெருவில் நாங்கள் இரண்டு பேரும் கத்துவதை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, வாத்தியார் வந்துவிட்டார், உலை வைக்கலாம் என்று.

செத்தவருக்கு இல்லாத குணத்தையெல்லாம் ஒட்டவைப்பது எனக்குப் பிடிக்காது. அடக்கத்தன்று ஒருவர், "சாந்தமே உருவானவர்" என்று பேசினார். யாரை அடக்கம் பண்ணுகிறோம் என்ற சந்தேகத்தில் நான் பெட்டியை எட்டிப் பார்த்தேன். வாத்தியார்தான். மூக்குக் கண்ணாடியில்லாமல், யாரையோ திருத்தப் போகிறவர் போலப் புருவத்தைச் சுருக்கிக்கொண்டுதான் படுத்திருந்தார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். வெள்ளைக்காரத் துரைசானியம்மா நடத்திய பள்ளியில் என் கையெழுத்தைப் பலகையில் விட்டுவைத்து மற்றப் பிள்ளைகளைப் பார்த்து எழுதச் சொல்வார்கள். ஆறாம் வகுப்புக்கு நான் போகாததற்கு மூளை காரணமில்லை. தோல் ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கப் போனேன். அந்தப் பட்டைத் தண்ணீரில் ஊறித்தான் தோல் பதமாகிறது. என் வீட்டுக்காரரும் அங்கேதான் சுண்ணாம்புக் குழியில் நின்றார். வாத்தியாரின் அப்பாவும் அதே குழியில் நின்றவர்தான். மகனை மட்டும் படிக்கவைத்தார். மகன் பயிற்சிப் பள்ளிக்குப் போய் வாத்தியாரானார், கதர் உடுத்தினார், மாட்டுக்கறியை விட்டார், எனக்கு "அஞ்சாங்கிளாஸம்மா" என்று பெயரும் வைத்தார். அந்தப் பெயரை இந்தத் தாளில் என் கையாலேயே எழுதுகிறேன். பிழை இருந்தால் எழுந்து வந்து திருத்தட்டும்.

எங்கள் முதல் சண்டை, பிள்ளைகள் கல்யாணம் முடிந்த கையோடு தொடங்கியது. அவர் பள்ளிக்கூடத்துக்கு என் வாசல் வழியாகத்தான் போகவேண்டும். என் வாசலில் கயிறு கட்டி உப்புக்கண்டம் காய்கிறது. சம்பந்தி ஆகும்வரை ஒன்றும் பேசாமல் போனவர், சம்பந்தியானதும் உரிமை வந்துவிட்டதென்று நின்றார். மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "சம்பந்திம்மா, இத்தக் கொல்லப்பக்கம் கட்டக்கூடாதா? ஊர்க்காரங்க போற வழி. நாலு பேரு பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்றார்.

"வெயிலு இங்கதான் அடிக்குது வாத்தியாரே. வெயில வேணா கொல்லப்பக்கம் வரச் சொல்லுங்க."

"வெளையாட்டு இல்லீங்க. இந்தக் கறியத் தின்றதாலதான் நம்மள ஒதுக்கி வெச்சிருக்கான். நாம இத்த விட்டுட்டா அவன் சொல்றதுக்கு ஒரு சாக்கு கம்மி."

எனக்குச் சுருக்கென்று ஏறியது. அவர் காலைப் பார்த்தேன். நல்ல தடித்தோல் செருப்பு. "கால்ல மாட்டினு போற மாடு ஆவும், வாயில போட்டா மட்டும் ஆவாதா?" என்று கேட்டேன். எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். வாத்தியார் செருப்பைக் கழற்றி என் வாசற்படியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு பள்ளிக்கூடம் போனார்.

ஒருநாள் வீம்பு, பங்குனி வெயில் சரிப்படுத்திவிடும் என்று நினைத்தேன். அந்த மனிதர் அதற்குப் பிறகு சாகும்வரை செருப்புப் போடவில்லை. கத்திரி வெயிலில் ரோடு தார் இளகிக் கிடக்கும். ஓரத்து மண்ணில் எட்டி எட்டி வைத்து நடப்பார். என் வாசல் வந்ததும் மட்டும் நடையை நிதானமாக்கிக்கொள்வார், சுடவே இல்லை என்பது போல. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். "காலு வெந்துடும், போட்டுத் தொலைங்க!" என்று உள்ளேயிருந்து கத்துவேன். "நீங்க கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லினு போறேன்" என்பார். பெட்டிக்குள் அவர் பாதங்களைப் பார்த்தேன். வெடித்துக் கறுத்து, பதம் தப்பிய தோல்போல இருந்தன. இந்த மனிதரைத்தான் சாந்தமானவர் என்கிறார்கள்.

அவர் கொள்கை இதுதான். நாம் மாறிக் காட்டவேண்டும். கறியை விடவேண்டும், கள்ளை விடவேண்டும், வெள்ளையாக உடுத்தவேண்டும், அப்போது ஊரார் தானாகவே பக்கத்தில் உட்காரவைப்பார்கள். என் கொள்கை, நான் இருக்கிறபடிதான் இருப்பேன், உட்காரவைக்கிறவன் உட்காரவைக்கட்டும், இல்லாதவன் போகட்டும். இதில் ஏழு ஊர்ப் பெரியவர்களை வைத்தாலும் எங்களுக்குள் தீர்வு வந்திருக்காது. "நீங்க கதவுக்கு வெளிய நின்னு ஏசறீங்க. நான் கதவத் தட்டறேன்" என்று ஒருமுறை சொன்னார். "தட்டறதுக்கு முன்னாடி எதுக்கு வாயக் கழுவிக்கிறீங்க?" என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். மறுநாள் பதிலோடு வந்தார். அந்தப் பதில் நீளம், இங்கே எழுத இடமில்லை. நியாயமும் கொஞ்சம் இருந்தது. அதனாலும் எழுதவில்லை.

கிருபைக்கு ஏழாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சிக்கு வளையல் போட்டுப் பூ முடித்து, தாய்வீட்டிலிருந்து விதவிதமாக ஆக்கிக்கொண்டு போவது நம் வழக்கம். பெண்ணுக்கு வாய் எதைக் கேட்கிறதோ அதைத்தான் முதலில் ஆக்கவேண்டும். கிருபை ஆள் வைத்துச் சொல்லியனுப்பியிருந்தாள், "அம்மா, உப்புக்கண்டம் வறுத்து எடுத்துனு வா" என்று. மாமனார் வீட்டில் அந்த வாசனையே கிடையாது, அவள் முகம் வெளுத்துக் கிடந்தது. புளியோதரை, தேங்காய்ச் சோறு, அதிரசம் எல்லாவற்றுக்கும் மேலே, சின்னச் சட்டியில் உப்புக்கண்டம் வறுத்து இலை போட்டு மூடி, தலையில் வைத்துக்கொண்டு தெரு நெடுக நடந்தேன்.

அதே நாளை வாத்தியார் இன்னொன்றுக்கும் குறித்திருக்கிறார், என்னிடம் சொல்லவில்லை. ஊர்த் தெருவிலிருந்து அவருடைய கதர்த் தோழர்கள் எல்லாச் சாதிக்காரரும் ஒரே பந்தியில் சாப்பிடுவதற்காக அவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முற்றத்தில் பந்தல் போட்டு இலை விரித்திருந்தது. வாத்தியார் வாசலிலேயே என்னை மறித்தார்.

"சம்பந்திம்மா, சட்டியில இன்னா?"

"வாசனையே சொல்லுமே."

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம். கெஞ்சிக் கேக்கறேன். இவங்க நம்ம வூட்டுல வந்து உக்காந்து சாப்புடறாங்க. எங்கப்பன் காலத்துல இது நடந்திருக்குமா? இந்தச் சட்டி உள்ள வந்தா எழுந்து பூடுவாங்க."

அவருக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்பது எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். கொல்லையில் புதிதாக அடுப்பு மூட்டியிருந்தது. அடுப்பருகே நின்றவர் வந்தவர்களுடைய சமையல்காரர். அரிசி, பருப்பு, பாத்திரம், குடத்தில் தண்ணீர் வரைக்கும் அவர்கள் வண்டியில் வந்து இறங்கியிருந்தது. வாத்தியார் வீட்டு அடுப்பு அணைந்து கிடந்தது.

"வாத்தியாரே, அவங்க உங்க வூட்டுல சாப்புடல. அவங்க சோத்த எடுத்துனு வந்து உங்க எடத்துல துன்னுட்டுப் போறாங்க. உங்க வூட்டுத் தண்ணிகூட அவங்களுக்கு ஆவல. உங்க சோத்த நான் எடுத்துனு வந்திருக்கேன், என்ன நிறுத்தறீங்க" என்றேன். மெதுவாகச் சொல்ல எனக்கு வராது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதல்ல உக்காரட்டும்! தண்ணி அப்புறம் குடிப்பான்!" என்று வாத்தியாரும் கத்தினார்.

அப்போது கிருபை உள்ளேயிருந்து வந்தாள். கை நிறைய வளையல், தலை நிறையப் பூ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. என் கையிலிருந்து சட்டியை வாங்கினாள், வாசற்படியிலேயே உட்கார்ந்தாள், இலையை விலக்கிவிட்டு அத்தனை பேருக்கும் எதிரில் தின்னத் தொடங்கினாள். பந்தலில் ஒருவர் எழுந்தார், பிறகு இன்னொருவர். மிச்சம் இருந்தவர்கள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். வாத்தியார் எழுந்து போனவர்கள் பின்னால் ஓடவில்லை. மருமகளை அடிக்கப் போகிறார் என்றுதான் நான் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் தின்று முடிக்கும்வரை தூணில் சாய்ந்து நின்றவர், "கை கழுவிட்டு உள்ள வாம்மா, வெயிலா கீது" என்றார். என்னைப் பார்த்து, "உங்க பொண்ணு உங்கள மாதிரியேதான்" என்றார். அதை வசவாகச் சொன்னார். நான் வேறுமாதிரி எடுத்துக்கொண்டேன்.

பிரசவத்துக்குக் கிருபை என் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. பேரனைப் பார்க்காமல் அவரால் இருக்கமுடியாது. மாட்டுக்கறி வேகிற வீட்டில் வாய் வைக்கவும் முடியாது. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வருவார், குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொள்வார், தாகம் எடுத்தால் கதர்ப் பையிலிருந்து சொந்தப் பித்தளை டம்ளரை எடுத்து நீட்டி, "இதுல ஊத்துங்க" என்பார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அந்த நாளில் கடைத்தெருக் காப்பி கிளப்பில் நம் தெரு ஆட்களுக்குத் தனி டம்ளர். கிளப்பின் பின்பக்கச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். நாமே எடுத்து, நாமே கழுவி, வெளியே நின்று குடித்துவிட்டு, மறுபடி மாட்டிவிட்டுப் போகவேண்டும். அதை எதிர்த்துக் கூட்டம் கூட்டமாகப் பேசியவர் இந்த வாத்தியார்தான். அவர் என் வீட்டுக்குத் தனி டம்ளர் கொண்டுவருகிறார்!

நான் வாயால் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஒருநாள் டம்ளரை மறந்து வைத்துவிட்டுப் போனார். வாசல் சுவரில் ஒரு ஆணி அடித்தேன், அதில் மாட்டினேன். மறுநாள் வந்தவர் அதைப் பார்த்தார். முகம் சிறுத்துப்போய்விட்டது. இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அவர் போய் டம்ளரை எடுத்தார், தானே தொட்டியில் கழுவினார், "ஊத்துங்க" என்று நீட்டினார். குடித்தார், கழுவினார், ஆணியில் மாட்டினார். "சரியான எடத்துலதான் அடிச்சிருக்கீங்க ஆணிய" என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு ஆணியும் நிலைத்துவிட்டது, டம்ளரும் நிலைத்துவிட்டது. அவர் என் வீட்டு டம்ளரில் குடிக்கிற வரைக்கும் அந்த ஆணியைப் பிடுங்குவதில்லை என்று நான் கிருபையிடம் சொன்னேன். நான் கறி ஆக்குவதை நிறுத்துகிற வரைக்கும் என் டம்ளரைத் தொடுவதில்லை என்று அவரும் அவளிடம் சொன்னாராம்.

பேரன் வளர்ந்து அவர் வீட்டுக்குப் போன பிறகும் அந்த வருகை நிற்கவில்லை. சாயங்காலம் வந்து வாசலில் உட்கார்ந்து என்னோடு சண்டை போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்று கிருபை சொல்வாள். எதற்கெல்லாம் சண்டை என்கிறீர்கள்? காப்பி உடம்புக்கு நல்லதா, கேழ்வரகுக் கூழ் நல்லதா என்று. தோல் ஷாப்பு சாய்பு முதலாளி பக்ரீத்துக்குக் கொடுத்தனுப்பிய கறியை நான் வாங்கியது சரியா என்று. மில் புடவை கட்டினால் தேசத் துரோகமா என்று. "தோலு கப்பல்ல ஏறிச் சீமைக்குப் போனாத்தான் நம்ம அடுப்பு எரியுது, நீங்க சீமைச் சாமான வேணாங்கறீங்க, அவனும் உங்க தோலு வேணாம்னா?" என்று கேட்டால், "அடுப்புக்கு மேல ஒண்ணுமே தெரியாதா உங்களுக்கு?" என்பார். "அடுப்ப அணைச்சுட்டு ஊர் சோத்த உக்காந்து தின்ன எனக்குத் தெரியாது" என்பேன். பந்தியை ஞாபகப்படுத்தினால் மட்டும் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறும். அதனால் அடிக்கடி ஞாபகப்படுத்துவேன்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு வோட்டு உண்டு என்று ஒரு எலெக்‌ஷன் வந்தது. வாத்தியார் வந்து, "உங்க பேரப் பதிஞ்சிட்டு வந்திருக்கேன்" என்றார். "உங்க கதர்ப் பெட்டிக்கு நான் போடமாட்டேன், வீணா அலைஞ்சீங்க" என்றேன். "தெரியும். எனக்கு எதிரா போடறதுக்காவது போங்க. வூட்டுல உக்காந்து ஏசினா யாருக்குக் கேக்கும்?" என்றார். போனேன். அவருக்கு எதிராகத்தான் போட்டேன். வெளியே வெறுங்காலோடு வெயிலில் நின்று தன் பெட்டிக்காக ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பக்கத்தில் நின்றவரிடம், "எங்க தெருவுல மொத மொத வோட்டுப் போட்ட பொம்பள இவங்கதான். அஞ்சாங்கிளாஸு!" என்றார். வசவா பெருமையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் கட்சி ஜெயித்தது. ஒரு வாரம் என் வாசலில் அவர் இருமலே வேறுமாதிரி கேட்டது.

அந்த ஜெயிப்புக்கு வைத்த கூட்டத்தில்தான் அது நடந்தது. கடைத்தெருவில் வாத்தியார்தான் முக்கியப் பேச்சு. நன்றாகப் பேசினார் என்றார்கள். கூட்டம் முடிந்ததும் தோழர்கள் எல்லாரும் காப்பி கிளப்புக்குப் போனார்கள். பேசிய தொண்டை, அவரும் கூடவே படியேறியிருக்கிறார். கிளப்புக்காரர் வழி மறித்து, பின்பக்கம் கையைக் காட்டினார். வாத்தியார் உள்ளே உட்கார்ந்துவிட்ட தோழர்களைத் திரும்பிப் பார்த்தார். அவர் வீட்டுப் பந்தியில் எழுந்து போகாமல் இருந்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களில் ஒருவர், "வாத்தியாரே, நல்ல நாளும் அதுவுமா தகராறு வேணாம், இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்குங்க" என்றாராம். இன்னிக்கு ஒரு நாள். எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பின்பக்கத்து ஆணி டம்ளரில் காப்பி வந்தது. அதைத் தரையில் ஊற்றிவிட்டு, மாலையும் கழுத்துமாக நேரே என் வாசலுக்கு வந்தார்.

இதையெல்லாம் பின்னால் அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். அப்போது அவர் சொன்னது, "தண்ணி குடுங்க" என்பது மட்டும்தான். நான் வழக்கம்போல ஆணிப் பக்கம் கையை நீட்டினேன்.

"அது வேணாம்" என்றார். "உங்க டம்ளர்ல குடுங்க."

நான் உள்ளே போய் என் வெண்கல டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தேன். அவர் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை. வாய் வைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்து முடித்துவிட்டு மூக்கைச் சுளித்தார்.

"கவுச்சி அடிக்குது" என்றார்.

"அடிக்கும். கழுவித்தான் குடுத்தேன். உங்க மூக்கக் கழுவுங்க."

"இன்னோர் டம்ளர் குடுங்க" என்றார்.

அன்று நான் பந்தியைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கலாம், அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. மறுநாள் அந்த ஆணியைப் பிடுங்கலாமென்று கல்லை எடுத்துக்கொண்டு நின்றேன். வாத்தியார் வந்தார். டம்ளரை ஆணியிலிருந்து எடுத்து, கழுவி, நீட்டினார். "ஒரு நாள் குடிச்சா ஜெயிச்சிட்டதா நெனைச்சிக்காதீங்க" என்றார். கல்லை அவர் தலையில் போடாமல் கீழே போட்டது நான் செய்த பெரிய தர்மம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கதரைக் கழற்றி எறிவார் என்று எதிர்பார்த்தேன். எறியவில்லை. கறியும் தின்னவில்லை. அதற்குப் பதிலாக, சனிக்கிழமை தோறும் குளித்து வெள்ளையாக உடுத்திக்கொண்டு அந்தக் கிளப்பின் முன்படியில் போய் உட்கார்ந்தார். "உள்ள டம்ளர்ல ஒரு காப்பி" என்று கேட்பார். கொடுக்கமாட்டார்கள். சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவார். படியில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள். நனைந்த வேட்டியோடு உட்கார்ந்தார். தோழர்கள் முதலில் இரண்டு பேர் கூட வந்தார்கள், பிறகு அவர்களுக்கு வேலை வந்துவிட்டது. என் வாசல் வழியாகத்தான் போவார், வருவார். "இன்னிக்காவது குடுத்தானா?" என்று கேட்பேன். "அடுத்த வாரம்" என்பார். கேட்கிற எனக்கு அசிங்கமாக இருக்கும், சொல்கிற அவருக்கு இருக்காது.

கடைசிச் சண்டை அதைப் பற்றித்தான். சனிக்கிழமை திரும்பி வந்தவர், டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அடுத்த வாரம் நீங்களும் வாங்க" என்றார்.

"நான் இன்னாத்துக்கு அங்க வந்து உக்காரணும்? என் வூட்டுல காப்பித் தூளு இல்லியா?"

"எங்க வூட்லயும்தான் கீது. காப்பிக்கா போறேன்?"

"பின்ன எதுக்கு? அவன் மூஞ்ச அவ்ளோ புடிச்சிருக்கா?"

"வோட்டு மட்டும் போட்டாப் போதுமா அஞ்சாங்கிளாஸம்மா? யோசிச்சு நாளைக்குப் பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் யோசித்தேன். நல்ல சூடான பதில் ஒன்று வைத்திருந்தேன். பத்து வருஷத்துக்கு எழுந்திருக்கமுடியாத பதில். மறுநாள் காலையில் கிருபை ஓடிவந்தாள்.

இழவு வீட்டுக்குக் கதர்த் தோழர்கள் வந்தார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். பெரிய பெரிய மாலை. ஒருவர் கண்ணைத் துடைத்தார். கிருபை காப்பி போட்டு, அந்த வீட்டு டம்ளர்களில் ஊற்றி, தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனாள். மாட்டுக்கறி அண்டாத வீடு, மாட்டுக்கறி அண்டாத பாத்திரம். வாத்தியார் இருபது வருஷம் காத்துச் சுத்தமாக வைத்திருந்த டம்ளர்கள். "இப்பதாம்மா குடிச்சிட்டு வந்தோம்" என்றார் ஒருவர். "வெயில்ல வேணாம்" என்றார் இன்னொருவர். தட்டு போனபடியே திரும்பி வந்தது. இந்தத் தாள் உங்கள் கைக்கும் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீங்கள் மாலை கொண்டுவந்தீர்கள். அந்த மனிதர் உங்களிடம் மாலை கேட்கவேயில்லை.

சபையாரே, உங்களுக்கும் ஒன்று. "வாத்தியார் வழியில் நடப்போம்" என்று இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் சொன்னீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னீர்கள். சனிக்கிழமை அந்தப் படியில் அவருக்குப் பக்கத்தில் உங்களில் ஒருவரையும் நான் கண்டதில்லை. என்னையும்தான் அங்கே ஒருவரும் கண்டதில்லை. நான் வராததற்கு எனக்குக் கொள்கை இருந்தது. உங்களுக்கு என்ன இருந்தது?

அவர் மகன் டம்ளரைக் கேட்டு வந்தான். அப்பா ஞாபகமாக வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்றான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கண்ணாடியும் கதர்ப் பையும் அவனுக்கு, சண்டை எனக்கு. டம்ளரை ஆணியிலிருந்து எடுத்து, புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, உள்ளே என் வெண்கல டம்ளர் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஆணியைப் பிடுங்கிவிட்டேன். சுவரில் ஓட்டை இருக்கிறது, அதை அடைக்கப்போவதில்லை.

வாத்தியாரே, உங்களுக்காக வைத்திருந்த அந்தப் பதிலைச் சொல்லப்போவதில்லை, வேறு பதில் வைத்திருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை உங்கள் டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அந்த முன்படிக்குப் போகிறேன். குளித்துவிட்டு வெள்ளையாக உடுத்திக்கொண்டு அல்ல. மத்தியானம் உப்புக்கண்டம் வறுத்து, வயிறாரத் தின்று, கையை மட்டும் கழுவிக்கொண்டு போவேன். வெயிலாயிருக்கும், செருப்புப் போட்டுக்கொண்டே போவேன். நீங்கள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, தெரு முழுக்கக் கேட்கிற என் குரலில், "காப்பி!" என்று கேட்பேன்.